ஊர் அழிந்ததைக் கண்ணால் பார்த்தவள்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில், 'ஜூன் 26ஆம் தேதிக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். 2026இல் அந்த நாளில், சூப்பர்மேனின் உறவுக்காரப் பெண்ணைப் பற்றிய 'சூப்பர்கேர்ள்' படம் வெளியாவதாக அறிவித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை: அறுபதை நெருங்கும் ஆசிரியை நீங்கள். பிள்ளைகள் பார்க்கும் படத்துக்கு இவ்வளவு ஆவலா? இந்தச் சூப்பர்கேர்ளை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?

பழக்கம் உங்கள் ஊரில்தான் ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் சாத்தூரில் இருந்து சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் காமிக்ஸ் அண்ணனுடையது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியபோது எனக்கு ஐந்து வயது, அவனுக்குப் பன்னிரண்டு. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. வலது கை இரும்பால் ஆனவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். அண்ணன் இரண்டு தடவை படித்து முடித்த பிறகுதான் புத்தகம் என் கைக்கு வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அந்தப் பக்கங்களில்தான்.

1988இல் மதுரையில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். புது மண்டபத்துப் பக்கம் பழைய புத்தகக் குவியலில் பாட நூல் தேடும்போது ஓர் ஆங்கிலக் காமிக்ஸ் கண்ணில் பட்டது. அட்டையில் சூப்பர்மேன் வாய்விட்டு அழுதுகொண்டிருக்கிறான். அவன் கைகளில் ஒரு பெண்ணின் உடல், நீலச் சட்டை, சிவப்புத் துண்டு. இரண்டு ரூபாய் கேட்டார்கள். அவ்வளவு பலசாலியை இப்படி அழவைத்த பெண் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் வாங்கினேன். அவள்தான் சூப்பர்கேர்ள். அவள் இறந்துபோகும் இதழ் அது. 1985இல் வந்த 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடரின் ஏழாவது பகுதி. மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்தது. அவளை நான் முதன்முதலாகச் சந்தித்ததே அவள் சாகும் பக்கங்களில்தான்.

அந்த இதழ் இன்றும் என் பீரோவில் இருக்கிறது. அதனால்தான் சார் ஆவல்.

கல்லூரி மாணவி, கோவை: மேடம், இவள் சூப்பர்மேனின் தங்கைதானே? போன வருடப் படத்தின் கடைசியில் தள்ளாடிக்கொண்டு வந்து நாயைக் கூட்டிப்போனாளே, அவளா?

அவளேதான். 2025 ஜூலையில் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் ஒரு நிமிடம் போல வந்து போனாரே, மில்லி ஆல்காக் என்ற ஆஸ்திரேலிய நடிகை, அவர்தான் இந்தப் படத்தின் நாயகி. 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரில் இளவயது ரைனீராவாக வந்தவர்.

தங்கையா என்று கேட்டீர்களே, அதுதான் நல்ல கேள்வி. அவள் பெயர் காரா. சூப்பர்மேனின் அப்பா ஜோர்-எல், காராவின் அப்பா ஸோர்-எல், இருவரும் உடன்பிறந்தவர்கள். ஆங்கிலத்தில் ஒரே உறவுச்சொல்லோடு முடிந்துவிடுகிறது. நமக்கு அப்படி விட முடியாது, அக்காவா தங்கையா என்று சொல்லியாக வேண்டும்.

1959 மே மாத 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 252ஆம் இதழில், ஓட்டோ பைண்டர் எழுதி ஆல் பிளாஸ்டினோ வரைந்த கதையில் அவள் முதலில் வந்தபோது, தங்கைதான். கிரிப்டான் கிரகம் வெடித்த பிறகு, அதிலிருந்து பிய்ந்துபோன ஆர்கோ என்ற நகரத்தில் பிறந்தவள். 2004இல் அவளைத் திரும்பக் கொண்டுவந்தபோது கதையை மாற்றினார்கள். அதில் அவள் அக்கா. கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டவள். வழியில் விண்கல்லில் சிக்கி, வயது ஏறாமலே உறைந்து கிடந்து, பூமிக்கு வந்து சேரும்போது தம்பி முழு ஆளாக, உலகமே கொண்டாடும் வீரனாக நிற்கிறான். எல்லோரும் இவளைச் சின்னப் பெண்ணாகப் பார்க்கிறார்கள். தூக்கி வளர்க்க வந்த குழந்தையே இவளுக்குப் புத்தி சொல்கிறது.

எனக்கு இந்தக் கணக்குதான் பிடிக்கும். தமிழில் வசனம் எழுதுகிறவர் அவளை 'அக்கா' ஆக்குவாரா, 'தங்கச்சி' ஆக்குவாரா என்று கேட்கக் காத்திருக்கிறேன்.

மென்பொருள் துறை ஊழியர், சென்னை: படம் எந்தக் காமிக்ஸைத் தழுவியது? முன்கூட்டியே படிக்கலாமா, சுவாரசியம் கெட்டுவிடுமா?

படியுங்கள். 'சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ'. எட்டு இதழ்கள், 2021இலிருந்து 2022 தொடக்கம் வரை வந்தவை. இப்போது ஒரே தொகுப்பாக வாங்கலாம். எழுதியவர் டாம் கிங், வரைந்தவர் பில்கிஸ் எவ்லி, வண்ணம் மாத்தியஸ் லோபஸ். ஓவியர்கள் இருவரும் பிரேசில்காரர்கள். படத்துக்கும் முதலில் இதே நீளப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள், பிறகு 'சூப்பர்கேர்ள்' என்று சுருக்கிவிட்டார்கள்.

கதை இப்படித் தொடங்குகிறது. காராவுக்கு இருபத்தோரு வயது நிறைகிறது. மஞ்சள் சூரியனின் கீழ் அவளுக்குப் போதையே ஏறாது, உடம்பு அப்படி. சிவப்புச் சூரியன் உள்ள கிரகத்தில் சக்தி போய்விடும், சாதாரண மனுஷி ஆகிவிடுவாள். அதனால் பிறந்தநாளுக்குக் குடிப்பதற்கென்றே நாயைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு கிரகத்துக்குப் போகிறாள். அங்கே ரூத்தி என்று ஒரு குடியானவர் வீட்டுப் பெண். க்ரெம் என்பவன் அவள் அப்பாவைக் கொன்றுவிட்டான். ஒரு வாளைத் தூக்கிக்கொண்டு, அவனைக் கொல்ல ஆள் தேடி வருகிறாள். காரா மாட்டேன் என்கிறாள். க்ரெம் நாயின் மேல் விஷ அம்பு எய்துவிட்டு இவளுடைய விண்கலத்தையும் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறான். பிறகு இரண்டு பெண்களும் அவனைத் தேடி அண்டமெங்கும் அலைகிறார்கள்.

இதை எட்டு வரியில் சொல்லிவிட்டேன், ஆனால் அந்தப் புத்தகத்தின் ருசி கதையில் மட்டும் இல்லை. சொல்கிறவள் காரா அல்ல, ரூத்தி. பல வருடம் கழித்து, வயதான பிறகு நினைத்து எழுதுகிறாள். மொழி பழைய காலத்து மொழி. பாட்டி ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுச் சொல்வது மாதிரி இருக்கும். சூப்பர்கேர்ள் மனதுக்குள் என்ன நினைக்கிறாள் என்று நமக்கு நேராகத் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி என்ன பார்த்தாள் என்பதிலிருந்துதான் நாம் ஊகிக்க வேண்டும்.

கலம் போய்விட்டதால் இருவரும் விண்வெளிப் பேருந்தில் போகிற அத்தியாயம் எனக்கு உயிர். பறக்கத் தெரிந்தவள், டிக்கெட் வாங்கி, முன்பின் தெரியாத நூறு ஜீவன்களோடு இடித்துப் பிடித்து உட்கார்ந்து போகிறாள். மூட்டை, முடிச்சு, தூங்கி விழும் தலைகள். சாத்தூரிலிருந்து சென்னைக்கு இரவு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள்.

இன்னொரு அத்தியாயத்தில் அழகான, அமைதியான ஒரு சின்ன ஊர். எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது, கொள்ளைக்கூட்டத்திடமிருந்து தாங்கள் தப்பிக்க, தங்கள் அண்டைவீட்டாரான ஓர் இனத்தையே பிடித்துக் கொடுத்துவிட்டு அதை ஊரே சேர்ந்து மறைத்து வைத்திருக்கிறது என்று. முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். இதைப்போல் ஓர் அத்தியாயம் பாடநூலில் கிடைத்திருந்தால் ஒரு வாரம் நடத்தியிருப்பேன்.

முடிவைச் சொல்ல மாட்டேன். வாளை யார் எடுத்தார், யார் கீழே போட்டார் என்று நீங்களே பாருங்கள். தெரிந்துகொண்டு போனால் சுவாரசியம் கெடாது. இராமாயணக் கூத்தில் யார் ஜெயிப்பார் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்?

வாசகி, ஸ்காபுறோ, கனடா: அக்கா, 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தில் நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. தம்பி அம்மாவின் இடுப்பில், பதினொரு மாதம். நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் விடியும்வரை நின்றது எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இங்கே வளர்ந்த அவனுக்குக் காமிக்ஸ் என்றால் உயிர். இந்தப் படத்துக்கு என்னையும் வரச்சொல்லிக் கேட்கிறான். என்ன கதை, நான் பார்க்கலாமா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த இதழில் வேறு எதற்கும் இடம் இல்லாமல் போனாலும் இதற்குப் பதில் எழுதாமல் விட்டிருக்க மாட்டேன்.

உங்கள் தம்பி ஏன் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சூப்பர்மேனும் ஊர் அழிந்தவன்தான். ஆனால் கைக்குழந்தையாகக் கலத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவன். கான்ஸாஸில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் எடுத்து, பாசத்தைக் கொட்டி வளர்த்தார்கள். கிரிப்டான் அவனுக்கு மற்றவர்கள் சொல்லிக் கேட்ட ஊர். காரா அப்படி இல்லை. ஆர்கோ நகரத்தில் தெருக்களில் நடந்தவள். பக்கத்து வீட்டில் யார் இருந்தார் என்று தெரிந்தவள். அந்த மொழியில் கனவு கண்டவள்.

ஆர்கோ ஒரே இரவில் போகவில்லை, அதுதான் கொடுமை. கிரகம் வெடித்தபோது அந்த நகரம் மட்டும் ஒரு துண்டு நிலத்தோடு தப்பிவிடுகிறது. பிழைத்துவிட்டோம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிறகு காலடி மண்ணே அவர்களுக்கு நஞ்சாக மாறிக்கொண்டிருப்பது தெரியவருகிறது. ஈயத் தகடு அடித்து மண்ணை மூடுகிறார்கள். 1959இல் வந்த கதையிலேயே இது உண்டு: விண்கற்கள் விழுந்து அந்தத் தகடும் கிழிகிறது. அப்பா மகளை மட்டும் ஏற்றி அனுப்புகிறார். நான் சொல்லும் காமிக்ஸில் காரா இந்தக் கதையை ரூத்தியிடம் சொல்லும் இடம் ஒன்று வருகிறது. அந்தப் பக்கங்களைத் தாண்ட எனக்கு வெகு நேரம் ஆனது. அப்படி எதையும் நான் அனுபவித்ததில்லை. நீங்கள் படித்தால் நான் பார்க்காத எதையோ பார்ப்பீர்கள்.

இந்தப் படவரிசையைப் பொறுப்பேற்று நடத்தும் ஜேம்ஸ் கன்னும் இருவருக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் சொல்லியிருக்கிறார்: ஒருவன் அன்பில் வளர்ந்தவன், மற்றவள் சுற்றி இருந்தவர்கள் சாவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். அதனால் அவள் கொஞ்சம் கரடுமுரடு. குடிக்கிறாள், கோபப்படுகிறாள், தன் தம்பியைப்போல எல்லோரையும் நம்புவதில்லை. அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று, நீங்கள் இருக்கும் ஊரைப் பற்றியது. சூப்பர்மேனை வரைந்த ஜோ ஷஸ்டர் 1914இல் உங்கள் ரொறன்ரோவில்தான் பிறந்தார். சிறுவனாக அங்கே 'டெய்லி ஸ்டார்' பத்திரிகை விற்றவர். சூப்பர்மேன் கிளார்க் கென்ட் என்ற பெயரில் முதன்முதலில் வேலை பார்த்த பத்திரிகைக்கு அதே பெயரைத்தான் வைத்தார்கள், 'டெய்லி பிளானட்' என்பது பிறகு வந்தது. அவரும் கதை எழுதிய ஜெர்ரி சீகலும் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 1938இல் அவர்கள் உண்டாக்கியது, வேறு ஊரிலிருந்து வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, உடையை மறைத்துக்கொண்டு, அலுவலகத்தில் அடங்கி வேலை பார்க்கும் ஒருவனை. காராவுக்கான வித்தும் அந்த வீடுகளில் விழுந்ததுதான்.

பார்க்கலாமா என்று கேட்டீர்கள். பாருங்கள், ஆனால் முதலில் தம்பியிடம் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். ஊர் அழியும் காட்சி படத்தில் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது வேறு, கையில் பிடித்து, வேண்டாம் என்றால் மூடிவைப்பது வேறு. அரங்கில் தாங்கவில்லை என்றால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள், தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார். பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். அவர் உங்களிடம் அந்தப் பாலத்தைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்பதையும், சொல்ல விருப்பமிருந்தால், எழுதுங்கள்.

வாசகர், திருச்சி: வருடத்துக்கு நான்கு சூப்பர்ஹீரோ படம் பார்த்து அலுத்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கும் ஏற்கெனவே படம் வந்து ஓடவில்லை. எதை நம்பி எதிர்பார்க்கிறீர்கள்?

1984 படத்தைச் சொல்கிறீர்கள். ஹெலன் ஸ்லேட்டர் அதில் குறையே வைக்கவில்லை, பறக்கும் காட்சிகளில் நடனம் ஆடுவது போல் இருப்பார். கதைதான் அவரைக் கைவிட்டது. பீட்டர் ஓ'டூல் மாதிரி நடிகரை வைத்துக்கொண்டே அப்படி எடுத்தார்கள் என்பது வருத்தம். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் கடைசியில் வரவில்லை, சுவரொட்டியில் மட்டும் இருப்பார். பிறகு மெலிசா பெனாய்ஸ்ட் 2015 முதல் 2021 வரை தொலைக்காட்சியில் சூப்பர்கேர்ள் தொடரை ஆறு பருவங்கள் சுமந்தார். 2023இல் 'தி ஃபிளாஷ்' படத்தில் சாஷா காயே வந்தார். நன்றாகச் செய்தார், அத்தோடு அந்தக் கதையையே விட்டுவிட்டார்கள்.

நான் நம்புவது இயக்குநரை. கிரெய்க் கில்லெஸ்பி 2017இல் 'ஐ, டோன்யா' எடுத்தவர். பனிச்சறுக்கு வீராங்கனை டோன்யா ஹார்டிங்கை யாரும் நல்லவள் என்று சொல்ல மாட்டார்கள். அவளுடைய அடிபட்ட வாழ்க்கையை, அவளை மன்னிக்கவும் சொல்லாமல் தூற்றவும் சொல்லாமல் காட்டினார். முரட்டுப் பெண்ணைப் பார்த்து அவர் முகம் சுளிக்க மாட்டார். திரைக்கதை அனா நொகெய்ரா. காமிக்ஸிலிருந்து முடிவுள்ள ஒரு தனிக் கதையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் நல்ல அறிகுறி. அலுப்புக்குப் பெரிய காரணம் எந்தப் படமும் முடியாமல் அடுத்த படத்துக்கு விளம்பரமாக நிற்பதுதான்.

பயமும் இருக்கிறது. 'வுமன் ஆஃப் டுமாரோ' கதையில் இல்லாத லோபோ என்ற பாத்திரத்தைச் சேர்த்திருக்கிறார்கள், ஜேசன் மொமோவா நடிக்கிறார். முன்பு அக்வாமேனாக நடித்தவர். நல்ல நடிகர், ஆனால் திரையில் வந்தால் இடத்தை அடைத்துக்கொள்வார். இரண்டு பெண்களின் பயணத்தில் அவர் எவ்வளவு நேரம் வருகிறார் என்பதில்தான் என் கவலை. அதைவிடப் பெரிய கவலை ரூத்தியின் குரல். அந்தச் சிறுமியாக ஈவ் ரிட்லி நடிக்கிறார். கதையை அவள் சொல்லாமல் கேமராவே சொல்லிவிட்டால், இது ஒரு துரத்தல் படமாகச் சுருங்கிவிடும். அந்தக் குரலை மட்டும் காப்பாற்றிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

ஆறாம் வகுப்பு மாணவன், திருநெல்வேலி: டீச்சர், க்ரிப்டோ நாய் செத்துப்போகுமா? செத்துப்போனால் நான் போக மாட்டேன்.

தம்பி, பெரியவர்களுக்கு முடிவைச் சொல்ல மாட்டேன் என்றேன். உனக்குச் சொல்கிறேன். காமிக்ஸில் க்ரிப்டோவுக்கு விஷ அம்பு படும், ரொம்ப நேரம் பாவமாக இருக்கும், ஆனால் சாகாது. படத்திலும் மாற்றியிருக்க மாட்டார்கள் என்றுதான் நம்புகிறேன். க்ரிப்டோ 1955இலிருந்து ஓடித் திரிகிற நாய். போன படத்தில் அது செய்த அட்டகாசம் எல்லாம் ஜேம்ஸ் கன் வீட்டில் எடுத்து வளர்த்த ஓஸு என்ற நாயைப் பார்த்து எழுதியது.

அப்பா அம்மாவிடம் ஒன்று சொல். தணிக்கைச் சான்றிதழில் இப்போது யு/ஏ 7+, 13+, 16+ என்று மூன்று பிரிவு வைத்திருக்கிறார்கள். வாளும் கொலையும் உள்ள கதை இது, அதனால் டிக்கெட் எடுக்கும் முன் அந்த எண்ணைப் பார்க்கச் சொல். 13+ என்று இருந்தால் அவர்கள் முதலில் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யட்டும்.

வாசகர், ஈரோடு: நம் இரும்புக்கை மாயாவி எப்போது திரைக்கு வருவார்?

அவரும் வெளியூர்க்காரர்தான். 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவர், அழகாக வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். நாம் வளர்த்ததால் நம்மவர். அந்தப் பெயரில் ஒரு படம் எடுக்கும் ஆசையை லோகேஷ் கனகராஜ் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நடந்தால் அதற்கும் இப்படி நாள் எண்ணுவேன்.

இல்லத்தரசி, விருதுநகர்: எங்கே, யாரோடு பார்க்கப் போகிறீர்கள்?

அண்ணனோடு. அவனுக்கு இப்போது அறுபத்தாறு, போன மாதம்தான் கண்ணில் புரை நீக்கினார்கள். சிறிய எழுத்து இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் போனில் நான் 'வுமன் ஆஃப் டுமாரோ'வைத் தமிழில் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஐந்தாவது அத்தியாயம் வரை வந்திருக்கிறோம். நேற்று, "அந்த வாள் இப்ப யார் கையில இருக்கு?" என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். தமிழில் வெளியானால் தமிழிலேயே, மதுரையில், முதல் நாள் மதியக் காட்சி.